கொடியில பன்னீர் திராட்சை, மலையில டீ இலை, அப்புறம் எதுக்கு பாக்கெட் ஐஸ் டீ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல கோடை ஸ்பெஷல்னு குளிர்பானப் பக்கம் ஒண்ணு வந்துச்சு. மோர், பானகம், நன்னாரி சர்பத் எல்லாம் நல்லாத்தான் போட்டிருந்தீங்க, கடைசில ஃப்ரூட் ஐஸ் டீன்னு ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதைப் படிச்சதுல இருந்தே எழுதணும் எழுதணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு, இன்னைக்குத்தான் உக்காந்தேன். அதுல பீச் சிரப் ஒரு பாட்டில் வாங்கணும், ஃப்ளேவர் போட்ட டீ பேக் வாங்கணும், ரெண்டும் கிடைக்கலையா, ரெடிமேட் ஐஸ் டீ பவுடர் பாக்கெட்டை ஐஸ் தண்ணில கலக்கிக்கலாம்னு போட்டிருந்துச்சு. நாங்க இருக்கறது கம்பம் பள்ளத்தாக்குங்க. வீட்டு வாசல்ல நின்னு நிமிந்து பாத்தா கேரளா மலை தெரியும், லோயர் கேம்ப்ல இருந்து ஏறுனா குமுளி, அதைத் தாண்டுனா வண்டிப்பெரியார், பீர்மேடுன்னு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் டீ எஸ்டேட்டுதான். கீழ குனிஞ்சு பாத்தா பந்தல் பந்தலா பன்னீர் திராட்சை. டீயும் பழமும் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கிட்டு எங்க ஊரு பிள்ளைகளே கடைல போய் பாக்கெட்டை கிழிச்சு ஐஸ் டீ குடிக்குதுங்க, அந்த வயித்தெரிச்சல்ல எழுதுற லெட்டர் இது, கொஞ்சம் நீளமா இருந்தாலும் பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த பாக்கெட்டைப் பத்தி சொல்லிடுறேன். பாக்கெட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்துல என்னென்ன சேத்திருக்காங்கன்னு போட்டிருப்பாங்க, அதுல எது எடைல அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும், அப்படித்தான் சட்டம். எடுத்துப் பாருங்க, முக்காவாசி ஐஸ் டீ பவுடர்ல முதல் பேரே சர்க்கரைதான், டீ எங்கயோ கீழ ஒரு மூலைல இருக்கும், பழத்தோட பேருக்குப் பக்கத்துல ஃப்ளேவர்னு இருக்கும். முன்னாடி அட்டைல பீச் பழம் தண்ணி சொட்டச் சொட்ட படம் போட்டிருப்பாங்க, உள்ள பீச் பழத்தோட தோலு கூட இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2015ல ஒரு வழிகாட்டுதல் கொடுத்துச்சு, நாம சேத்துக்கற சர்க்கரை ஒரு நாளைக்கு சாப்பிடுற மொத்த கலோரில பத்துல ஒரு பங்குக்குள்ள இருக்கணும், இருபதுல ஒரு பங்குக்குள்ள கொண்டு வந்தா இன்னும் நல்லதுன்னு. அந்த இருபதுல ஒரு பங்குன்னா பெரியவங்களுக்கே சுமார் 25 கிராம், சின்ன ஸ்பூன்ல ஆறு. பாக்கெட் பவுடரை ரெண்டு டம்ளர் கலக்கி குடிச்சா அது அப்படியே தீந்துடும், அப்புறம் காலைல குடிச்ச டீக்கும் சாயந்திரம் தின்ன பன்னுக்கும் எந்தக் கணக்குல இடம்?

இன்னொண்ணு, ஐஸ் டீன்னா ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம், அதுக்கு வெளிநாட்டு சாமான்தான் வேணும்னு நம்ம ஆளுங்க நினைக்கறாங்க. அமெரிக்காக்காரங்கதான் ரொம்ப குடிக்கறாங்க, அங்க குடிக்கற டீயில பெரும்பங்கு ஐஸ் டீதான். ஆனா அது அங்க பரவுனதுல நம்ம நாட்டு டீக்கும் பங்கு இருக்கு. 1904ல செயின்ட் லூயிஸ் நகரத்துல பெரிய உலகக் கண்காட்சி நடந்தப்ப, இந்திய டீயை அங்க விளம்பரம் பண்ண ரிச்சர்ட் பிளெச்சிண்டன்னு ஒருத்தர் போயிருந்தார். நல்ல வெயில், சூடா குடுத்த டீயை யாரும் திரும்பிக் கூடப் பாக்கல, அதனால ஐஸைப் போட்டு குடுத்தார், கூட்டம் மொய்ச்சிருச்சுன்னு சொல்லுவாங்க. அவர்தான் கண்டுபிடிச்சார்ங்கறது சரியில்ல, 1879லயே அமெரிக்க சமையல் புத்தகத்துல ஐஸ் டீ செய்முறை அச்சாயிருச்சு. ஆனா அது ஊரு பூரா பரவ அந்தக் கண்காட்சி ஒரு காரணம். நம்ம டீயை விக்கறதுக்குன்னு ஊத்திக் குடுத்த பானம், இன்னைக்கு நமக்கே பவுடரா திரும்பி வருது, அதுல டீயே பேருக்குத்தான் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க அம்மா வண்டிப்பெரியார் பக்கம் எஸ்டேட்ல கொழுந்து கிள்ளுனவங்க, ரெண்டு இலையும் ஒரு மொட்டும் பாத்து கிள்ளி கூடைல போட்டவங்க, டீன்னா என்னன்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீக்கடைல போடுற டஸ்ட் தூள் பாலுக்குன்னே செஞ்சது. நசுக்கி கிழிச்சு உருட்டுற மெஷின்ல போட்டு எடுக்கறாங்க, சி.டி.சின்னு சொல்றது அதான், சட்டுனு நிறமும் கடுப்பும் எறங்கும், பாலும் சக்கரையும் அதை அடக்கிடும். பால் இல்லாத ஐஸ் டீக்கு அந்தத் தூளைப் போட்டா நாக்கு ஒட்டிக்கும், பழத்தோட வாசனை அமுங்கிப் போயிரும். ஐஸ் டீக்கு இலைத்தூள்தான் வேணும், சுருண்ட இலையா இருக்கும், ஆர்த்தோடாக்ஸ்னு பாக்கெட்ல போட்டிருக்கும். குமுளி போனீங்கன்னா ஏலக்கா, மிளகு, கிராம்பு விக்கற கடைல எல்லாம் இலைத்தூளும் இருக்கும், டூரிஸ்ட்டுங்க வாங்கிட்டுப் போறாங்க, நம்ம ஆளுங்க அந்தக் கடையைத் தாண்டி டெய்லி ஜீப்புல ஏலத்தோட்டத்து வேலைக்குப் போயிட்டு வர்றவங்க ஒரு நாளும் வாங்குறதில்ல. விலை கூடத்தான், இல்லைங்கல, ஆனா ஒரு லிட்டருக்கு சின்ன ஸ்பூன்ல நாலு ஸ்பூன், பத்து கிராம் கூட வராது, கால் கிலோ வாங்குனா கோடை முழுக்க ஓடும். கையில டஸ்ட்தான் இருக்குன்னா ரெண்டு ஸ்பூன் போதும், ரெண்டு நிமிஷத்துல வடிச்சுருங்க.

செய்யுற விதம் இப்படித்தான். அரை லிட்டர் தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, அப்புறம்தான் இலையைப் போடணும், தட்டு போட்டு மூடி நாலு நிமிஷம் விட்டு வடிகட்டணும். பால் டீக்கு பண்ற மாதிரி இலையோட சேத்து கொதிக்க விடவே கூடாது, வடிகட்டும்போது கரண்டியால அழுத்திப் பிழியவும் கூடாது, அந்தக் கடைசிச் சொட்டுலதான் கசப்பு பூரா இருக்கு. சக்கரை போடுறதா இருந்தா இந்தச் சூட்டுலயே போட்டு கரைச்சுருங்க, குளுந்த டீயில சக்கரை கரையாம அடில தங்கிரும், அது தெரியாம மேல மேல போட்டுக்கிட்டே இருப்பாங்க. நாட்டுச்சக்கரை, வெல்லம் போடலாமான்னு கேக்கறாங்க, எலுமிச்சை இஞ்சி டீக்கு நல்லா இருக்கும், திராட்சைக்கும் பேஷன் ஃப்ரூட்டுக்கும் வெல்ல வாசனை முன்னாடி வந்து நின்னுரும், எனக்குப் பிடிக்கறதில்ல. அதுக்கு மேல அரை லிட்டர் காய்ச்சி ஆற வச்ச தண்ணி ஊத்தி, வெளியவே ஆற விடணும். இந்த இடத்துலதான் பல பேரு அவசரப்படுறாங்க. சுடச் சுட எடுத்து ஃப்ரிட்ஜுல வச்சா டீ கலங்கி, அரிசி கழுவுன தண்ணியாட்டம் ஆயிரும், கெட்டுப்போச்சுன்னு கொட்டிருவாங்க. கெடலைங்க அது. டீயில இருக்கற கஃபீனும் துவர்ப்புச் சத்தும் சூட்டுல கரைஞ்சு கிடக்கும், குளுந்ததும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்து நுணுக்கமா திரிஞ்சு நிக்கும், அதான் அந்த மங்கல். டீ ரொம்ப ஸ்ட்ராங்கா இருந்தா இன்னும் அதிகமா வரும். கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தி கலக்குனா திரும்ப தெளிஞ்சுரும், ருசிக்கு ஒண்ணும் ஆகாது.

தண்ணியைப் பத்தியும் சொல்லணும், உங்க பக்கத்துல அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க ஊர்ல பெரியாத்துத் தண்ணி வர்ற தெருவுல டீ ஒரு நிறம், போர் தண்ணி மட்டும் வர்ற தெருவுல அதே தூள் வேற நிறம். போர் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி, டீ ஊறும்போதே மேல எண்ணெய் படலமாட்டம் ஒரு ஆடை கட்டும், நிறமும் கறுத்து மங்கலா வரும், எம்புட்டு நல்ல இலை போட்டாலும் துலங்காது. குடிக்கற தண்ணிதான் டீக்கும், அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பாத்திரம் சில்வர் இல்லைன்னா கண்ணாடி. இரும்புச் சட்டில டீ ஊத்துனா கறுத்துப் போகும். பித்தளை செம்புல எலுமிச்சையும் திராட்சையும் ஊத்தி வைக்கறது ஆபத்து, புளிப்பு பட்டா களிம்பு எறங்கும்.

இப்ப பழம். பன்னீர் திராட்சைதான் எனக்கு முதல்ல, எங்க மண்ணுப் பழம்ங்கறதுக்காக மட்டும் சொல்லல, டீயோட துவர்ப்புக்கு அதோட தோல் துவர்ப்பு பொருந்தி வரும், மேல ஒரு பன்னீர் வாசனை, எந்த சிரப்புலயும் அது வராது. 1832ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் தமிழ்நாட்டுக்கு கொண்டு வந்த ரகம்னு சொல்றாங்க, மஸ்கட் ஹாம்பர்க்னு அதுக்குப் பேரு. கம்பம் பன்னீர் திராட்சைன்னு 2023ல புவிசார் குறியீடும் வாங்கிருச்சு. மத்த ஊர்ல எல்லாம் வருஷத்துல கொஞ்ச மாசம்தான் திராட்சை, எங்க பள்ளத்தாக்குல ஒரு தோட்டம் இல்லைன்னா இன்னொரு தோட்டத்துல வருஷம் பூரா பழம் வெட்டு நடந்துட்டே இருக்கும்.

அரை கிலோ பழம் எடுத்துக்கோங்க. வாங்கிட்டு வந்ததும் ஒரு கொத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, பழம் மேல சாம்பல் பூத்த மாதிரி ஒரே சீரா ஒரு பூச்சு இருக்கும், விரலால தேச்சா போயிரும், அது பழத்துலயே ஊறுற மெழுகு, பயப்பட வேண்டாம். சில பழத்துல வெள்ளையும் நீலமுமா திட்டுத் திட்டா, சொட்டு காஞ்ச தடம் மாதிரி இருந்தா அது மருந்து அடிச்ச தடம், செவட்டைங்கற பூஞ்சை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பாங்க. தோட்டக்காரங்களைக் குத்தம் சொல்லல, அடிக்கலைன்னா ஒரு மழைக்கே இலை பூரா கருகிரும், கடன் வாங்கிப் போட்ட பந்தல் அது. நாமதான் கழுவணும். பழத்தை காம்புல இருந்து ஒவ்வொண்ணா ஆஞ்சு, உப்புத் தண்ணில கால் மணி நேரம் ஊற விட்டு, அப்புறம் குழாய்த் தண்ணில ரெண்டு மூணு தடவை அலசணும், கொத்தோட முக்கி எடுக்கறது கழுவுனதா ஆகாது, நடுவுல தண்ணியே போகாது.

கழுவுன பழத்தை சில்வர் குண்டால போட்டு கால் டம்ளர் தண்ணி விட்டு அடுப்பை சிம்ல வைங்க. அஞ்சு நிமிஷத்துல தோலு ஒவ்வொண்ணா பட்டு பட்டுனு வெடிக்கும், உள்ள இருக்கற பச்சைச் சதை வெளிய வந்து கொஞ்சம் கொஞ்சமா ஊதா நிறம் ஏறும், அந்த நிறம் எல்லாம் தோல்லதான் இருக்கு, சூடு பட்டாத்தான் எறங்கி வரும். அப்ப பருப்பு மத்தால மெதுவா மசிச்சு, ஆற விட்டு, வெள்ளைத் துணில வடிகட்டுங்க. மிக்ஸில போட்டுறாதீங்க, கொட்டை அரைபட்டா ஜூஸ் பூரா கசந்துரும், அப்புறம் சக்கரையைக் கொட்டித்தான் சரி பண்ணணும். வர்ற சாறுல ஒரு பங்குக்கு மூணு பங்கு ஆறுன டீ, அரை மூடி எலுமிச்சை. எலுமிச்சை பிழியறப்ப பாருங்க, கறுப்பு ஊதாவா இருந்தது சட்டுனு செவப்பா மாறி கண்ணாடி மாதிரி தெளியும், புளிப்பு பட்டா திராட்சை நிறமும் மாறும், டீ நிறமும் வெளுக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். பிள்ளைகளைப் பக்கத்துல நிக்க வச்சு பிழிங்க, அதுக்கப்புறம் பாக்கெட்டை கேக்க மாட்டாங்க. நல்லா பழுத்த பழமா இருந்தா சக்கரையே தேவைப்படாது.

அடுத்து பேஷன் ஃப்ரூட். இடுக்கி மலைல நல்லா வெளையுது, வேலிலயே படந்து கிடக்கற வீடும் உண்டு, ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்க மடில கட்டிட்டு வருவாங்க. பழம் தோலு சுருங்குனாத்தான் உள்ள இனிப்பு, வழவழன்னு அழகா இருக்கறதை எடுத்தா புளிச்சுத் தள்ளும். ஒரு லிட்டர் டீக்கு மூணு பழம், ரெண்டா வெட்டி ஸ்பூனால வழிச்சுப் போட்டு கலக்கறதுதான், அடுப்பே வேண்டாம். கொட்டை பிடிக்கும்னா அப்படியே விடுங்க, பிடிக்கலைன்னா வடிச்சுக்கோங்க. வாசனைல இதுக்குப் பக்கத்துல எந்தப் பழமும் வராது, திராட்சை மேல எனக்கு எம்புட்டு பாசம் இருந்தாலும் இதை ஒத்துக்கணும்.

அன்னாசி லாரி லாரியா கேரளால இருந்து எறங்குது, வாழக்குளம் பக்கத்துப் பழம் ரொம்ப இனிப்பு. பழத்தை பிள்ளைகளுக்குக் குடுத்துட்டு, செதுக்கிப் போடுற தோலையும் நடுத்தண்டையும் நல்லா தேச்சுக் கழுவி, ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு வடிங்க, அந்தத் தண்ணிலயே டீ இலையைப் போட்டு ஊற வைங்க, குப்பைக்குப் போறதுல ஒரு ஐஸ் டீ. மாங்காய்க்கும் இதே மாதிரி வேக வச்சு கரைச்ச தண்ணி நல்லா இருக்கும், ஆனா மாம்பழம் டீக்கு ஆகாதுங்கறதுதான் என் கருத்து, சதை அடில போய் உக்காந்துரும், டீயும் மாம்பழமும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், பெரியகுளத்து மாம்பழத்தை அப்படியே தின்னாலே போதும். தர்பூசணி வெறும் தண்ணி, டீயை நீர்த்துப் போக வைக்கும். சாத்துக்குடி சாறு பிழிஞ்சு வச்சா நேரம் ஆக ஆக கசக்கும், அதனால குடிக்கற நேரத்துல மட்டும் கலக்குங்க. உங்க பக்கத்துல போட்ட பீச் தான் வேணும்னு ஆசைப்படுறவங்களுக்கும் வழி இருக்கு, கொடைக்கானல்ல பீச்சும் பிளம்ஸும் வெளையுது, கோடைல பழக்கடைல கேட்டுப் பாருங்க, தோலோட நறுக்கி கொஞ்சம் சக்கரை தூவி வச்சா தன்னால சாறு விடும், அதை ஊத்துங்க, சிரப்புக்கு என்ன வேலை அங்க?

பழம் எதுவா இருந்தாலும் ரெண்டு ஏலக்காய் தட்டி டீ இலையோட போட்டுப் பாருங்க, வண்டன்மேட்டு ஏலக்கா பக்கத்துல இருக்கு, அது எதுக்குக் காத்திருக்கணும். கேரளாக்காரங்க குலுக்கி சர்பத் போடுற மாதிரி ரெண்டு டம்ளரை கவுத்து வச்சு நல்லா குலுக்கணும், ஊற வச்ச சப்ஜா விதையும் ஒரு கீறுன பச்சமிளகாயும் போட்டு எலுமிச்சை ஐஸ் டீயைக் குலுக்குனா வெயில்ல வந்தவங்க முகமே மாறிரும். குலுக்குறப்ப நுரை பொங்கும், அந்த நுரையோட குடிக்கணும்.

ஐஸ் விஷயம் முக்கியம். டீயை நல்லா போட்டுட்டு அதுல தண்ணி ஐஸைப் போட்டா பாதி குடிக்கறதுக்குள்ள வெறும் கலர் தண்ணி ஆயிரும். மிச்ச டீயை ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வைங்க, இல்லைன்னா முழு திராட்சையையே கழுவித் தொடச்சு ஃப்ரீசர்ல போட்டு ஐஸுக்குப் பதிலா போடுங்க, கரையவும் செய்யாது, கடைசில எடுத்து திங்கவும் செய்யலாம். வெளிய விக்கற பார் ஐஸை மட்டும் வாங்காதீங்க, அது மீனை அடுக்கறதுக்குப் போடுறது, எந்தத் தண்ணில செஞ்சாங்கன்னு யாருக்குத் தெரியும்.

பகல்ல அடுப்பு வேக்காடு வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு வழி. ராத்திரி ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வச்ச தண்ணில அதே நாலு ஸ்பூன் இலையைப் போட்டு மூடி ஃப்ரிட்ஜுல வச்சுருங்க, காலைல எட்டு மணி நேரம் ஆனதும் வடிங்க. துவர்ப்பு கம்மி, கஃபீனும் கொஞ்சம் கம்மியாத்தான் எறங்கும், கலங்கவே கலங்காது, பேஷன் ஃப்ரூட்டுக்கு இதுதான் ரொம்பப் பொருத்தம். ஆனா ஒண்ணு, போன்ல வர்ற வீடியோல கண்ணாடி ஜாடில தண்ணியும் டீ இலையும் போட்டு மொட்டை மாடி வெயில்ல நாள் பூரா வச்சு எடுக்கறதைக் காட்டுறாங்க, அதைப் பண்ணாதீங்க. வெயில்ல தண்ணி சுடும், ஆனா கிருமி சாகுற அளவு சுடாது, அது பெருகுறதுக்குத் தோதான இளஞ்சூட்டுலயே மணிக்கணக்கா கிடக்கும். எங்க அக்னி நட்சத்திர வெயிலுக்கே அந்த சூடு பத்தாது. செஞ்சு வச்ச டீயையும் பழம் கலந்துட்டா ரெண்டு நாளுக்கு மேல வைக்காதீங்க, அதுவும் ஃப்ரிட்ஜுலதான்.

யாருக்கு ஆகும் ஆகாதுன்னும் உங்க பக்கத்துல போட்டிருக்கணும்ங்க. ஐஸா குடிச்சாலும் அது டீதான். சோத்தோட சேத்துக் குடிச்சா கீரை, கேழ்வரகு, பருப்புல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேராம டீ தடுத்துரும், எங்க பக்கம் தோட்ட வேலைக்குப் போற பொம்பளைங்க நிறையப் பேருக்கு ரத்தம் கம்மி, அவங்க மத்தியான சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோதான் குடிக்கணும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேத்தா அந்தக் கெடுதல் கொஞ்சம் குறையும், முழுசா போகாது. மாசமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு அளவா குடிக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம், அதே திராட்சைச் சாறுல தண்ணியும் எலுமிச்சையும் கலந்து குடுங்க, நிறமும் அதேதான், நமக்கு ஒண்ணு அதுக்கு ஒண்ணுன்னு அழாது. சக்கரை வியாதி உள்ளவங்க பழச்சாறைக் கூட கம்மி பண்ணி எலுமிச்சை, புதினா, ஏலக்காயோட நிறுத்திக்கோங்க.

கடைசியா ஒரு விஷயம், இதைத்தான் நீங்க கொஞ்சம் பெருசா போடணும்னு கேக்கறேன். பன்னீர் திராட்சை ரொம்ப நாள் தாங்காத பழம். தொடர்ந்து ரெண்டு நாள் மழை பெஞ்சா பழம் வெடிச்சுரும், வெளியூர் வியாபாரி வர மாட்டான், வந்தாலும் அடிமாட்டு விலைக்குக் கேப்பான், வெட்டுக்கூலிக்குக் கூட கட்டாதுன்னு கொடிலயே விட்டுட்டு வீட்டுக்கு வந்து பேசாம உக்காந்திருக்கற ஆளுங்களை எங்க தெருவுலயே பாக்கறோம். ஜூஸ் ஃபேக்டரி வேணும், குளிர்பதனக் கிடங்கு வேணும்னு விவசாயிங்க வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்காங்க. அது வர்றப்ப வரட்டும். அதுக்கு முன்னாடி எங்க பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடைலயும் பேக்கரிலயும், மலை ஏறப்போற டூரிஸ்ட் வண்டி நிக்கற ரோட்டுக் கடைலயும் ஐஸ் டீன்னு கேட்டா பாட்டிலை எடுத்து நீட்டாம இதைப் போட்டுக் குடுக்கலாமே. ஒரு டம்ளருக்கு அம்பது கிராம் அறுபது கிராம் பழம் போகும், வெடிச்ச பழமும் உதுந்த பழமும் கூட சூடு பண்றதுக்கு ஆகும், நல்லதா இருந்தா போதும், அழகா இருக்கணும்னு இல்ல. சந்தைல கழிச்சுப் போடுற பழத்துக்கு ஒரு வழி பொறக்கும். மகளிர் குழுக்காரங்க உணவுப் பாதுகாப்புத் துறைல பதிவு பண்ணிட்டு செய்யலாம், ஊறுகாயும் அப்பளமும் போடுறவங்களுக்கு இது பெரிய வேலை இல்ல.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு குமுளில இருந்து ஜீப்புலயும் நடந்தும் சனம் போகும், வருஷத்துல அந்த ஒரு நாள்தான் விடுவாங்க, புலிகள் காப்பகம்ங்கறதால பிளாஸ்டிக் பாட்டிலை செக்போஸ்ட்லயே வாங்கி வச்சுருவாங்க. எவர்சில்வர் ஃபிளாஸ்க்ல இந்த டீயைக் கொண்டு போங்கன்னு எங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்கேன். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக்கு நீர்மோர் பந்தல் போடுறவங்களும் மோருக்குப் பக்கத்துல ஒரு அண்டா எலுமிச்சை ஐஸ் டீ வச்சுப் பாக்கலாம், டீயை முதல் நாள் ராத்திரியே போட்டு ஆற வச்சுட்டா காலைல எலுமிச்சை பிழியற வேலைதான்.

அடுத்த வாரம் அந்தப் பக்கத்துல இடம் இருந்தா அளவை மட்டுமாவது திருத்திப் போட்டுருங்க ஐயா: தண்ணி ஒரு லிட்டர், இலைத்தூள் நாலு சின்ன ஸ்பூன், அடுப்பை அணைச்ச பிறகு நாலு நிமிஷம், டஸ்ட்டா இருந்தா ரெண்டு ஸ்பூன் ரெண்டு நிமிஷம், டீ மூணு பங்குக்கு திராட்சைச் சாறு ஒரு பங்கு, அரை மூடி எலுமிச்சை. பீச் சிரப் பேரை எடுத்துட்டு அங்க பன்னீர் திராட்சைன்னு போடுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பரோட பல வருஷ வாசகி,
சுருளிப்பட்டி, தேனி மாவட்டம்.